கணவாய்க்குள் ஒரு பேனா

“ஒரே ஒரு இறகை வச்சுக்கிட்டு அவனுங்க எத்தனை வார்த்தை செஞ்சிருக்கானுங்க பாருங்க அத்தை. நம்மகிட்ட இறகுன்னா இறகு. அதோட முடிஞ்சுது.” என் அண்ணன் மகன் போகிற போக்கில் சொன்னது இது. சொல்லிவிட்டு அவன் கைப்பேசியை நோண்டப் போய்விட்டான். எனக்குத்தான் செரிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், ட்யூஷன் பிள்ளைகளுக்கு வினைச்சொல் எழுதிப் போடும்போதும் உள்ளே அதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இல்லை என்று அடித்துப் பேசக் கையில் சரக்கும் இல்லை.

அவன் ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் படிக்கிறான். வங்கித் தேர்வு ஒரு பக்கம், டிஎன்பிஎஸ்சி ஒரு பக்கம். எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதில் நுழைந்துவிடுவதாகத் திட்டம். சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி மண்டபம் வந்துவிடுவான். நான் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன் என்று பேர். என் மாமியார் கைக்குழம்புதான் நிஜமான காரணம். அந்த வாரம் அவன் கொண்டுவந்த நோட்டில் ஃபெதர் என்ற ஒரு சொல்லுக்கே ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான்.

தொப்பியில் இறகு செருகினால் சாதனை. வெள்ளை இறகைக் காட்டினால் கோழை. தன் கூட்டுக்கு இறகு மெத்தை போட்டுக்கொண்டவன் பதவியில் இருந்து சுருட்டியவன். ஒரே இறகுப் பறவைகள் என்றால் நம்முடைய ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’. இறகு கலைந்தால் ஆள் கடுப்பாகிவிட்டார். தார் பூசி அதன் மேல் இறகு ஒட்டுவது ஊர் கூடி ஒருவனை அவமானப்படுத்தும் தண்டனை. குத்துச்சண்டையில் 57 கிலோக்காரன் ஃபெதர்வெயிட். துடுப்பு போடுகிறவன் நீரை விட்டு மேலே எடுத்ததும் அதன் அலகைக் காற்று தடுக்காதபடி படுக்க வைத்தால் அதற்கும் ஃபெதர்தான் வினைச்சொல். பறக்கும்போது இன்ஜின் நின்றுபோனால் விமானி விசிறி இலைகளை அதே மாதிரி திருப்பிவிடுவதும் அதே சொல். குதிரையின் கணுக்கால் மயிர், நாயின் வால் மயிர், சலூனில் நுனி கரையக் கரைய வெட்டும் முடி என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தின் அடியில் ப்ளூம் என்று தனியாக ஒன்று: அலங்கார இறகு, புகைக்கற்றை, கடலில் பரவும் எண்ணெய், தன்னைத்தானே மெச்சிக்கொள்வது.

அவன் தப்பாகச் சொல்லவில்லை. இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லித்தருகிற எனக்கே மூச்சு முட்டியது. புத்தகத்துக்குள் மயிலிறகு குட்டி போடுமா என்ற கதையைத் தவிர இறகுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று அவன் கேட்டான். (அந்தக் கதையை நான் எழுதப் போவதில்லை. தமிழில் வலைப்பூ வைத்திருக்கிற எல்லோரும் எழுதியாகிவிட்டது.) சிறகு முளைத்தது, சிறகு ஒடிந்தது என்று சிறகுக்குச் சிலது உண்டு. இறகுக்கு இறகுப்பந்து. பீலி, தூவி, தோகை எல்லாம் பாடப்புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தோகை மட்டும் மயிலை விட்டுக் கரும்புக்குப் போய் இன்றைக்கும் வயலில் வாழ்கிறது. வேறு?

தொப்பிக்குப் போன கொக்கு

முதலில் எனக்குத் தோன்றிய பதில் கொஞ்சம் கோபமானது. இந்தச் சொற்களுக்கெல்லாம் விலை கொடுத்தது யார் என்று பார் என்றேன். வெள்ளை இறகை எடுத்துக்கொள்வோம். சண்டைச் சேவலின் வாலில் வெள்ளை இறகு தெரிந்தால் அது கலப்பு, களத்தில் நிற்காது என்று அந்த ஊர்க்காரர்கள் நம்பினார்கள். அதிலிருந்து கோழைக்கு அந்தப் பேர். நம் பக்கத்துச் சேவல்காரர்களுக்கும் இறகு படிக்கத் தெரியும். காகம், வல்லூறு, மயில், கீரி என்று சேவலுக்கு வகை சொல்வதே அதன் நிறத்தை வைத்துத்தான். ஆனால் இவர்கள் அதைச் சேவலோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கே 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய உடனே, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஃபோக்ஸ்டன் என்ற துறைமுக ஊரில் பெண்களைத் திரட்டி, ராணுவ உடை போடாமல் தெருவில் போகிற ஆண்களுக்கெல்லாம் வெள்ளை இறகு கொடுக்க வைத்தார். காயம்பட்டு விடுப்பில் வந்த சிப்பாய்களுக்கும் சட்டையில் இறகு செருகப்பட்டது. மரபுத்தொடர் என்று நோட்டில் ஒரு வரியில் எழுதிக்கொள்கிறோம். ட்ராம் வண்டியில் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஆளை நினைத்தால் அது ஒரு வரியில் அடங்காது.

தொப்பிக்கதை இதைவிட மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன், பாரிஸ், நியூயார்க் சீமாட்டிகளின் தொப்பிக்கு வேண்டியிருந்தது வெள்ளைக் கொக்கின் இறகு. சும்மா இருக்கிற கொக்கின் இறகு இல்லை. கூடு கட்டும் காலத்தில் மட்டும் முதுகில் இழையிழையாக இறங்குமே, அது. ஆகவே கொக்கைக் கூட்டில் வைத்தே சுட வேண்டும். தாய் போனால் குஞ்சும் போகும். இதைப் பொறுக்காமல் 1889-இல் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி, இறகு வைத்த தொப்பி போடமாட்டோம் என்று பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். இன்றைக்கு பிரிட்டனில் பறவைகளுக்கான மிகப் பெரிய அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902-இல் தடை செய்யப்பட்டது. பிரிட்டன் இறக்குமதியைத் தடுக்க 1921 ஆனது.

மழைக்காலம் முடிந்த பிறகு முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடிக்கோ காஞ்சிரங்குளத்துக்கோ போனவர்களுக்குத் தெரியும். கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்கள் மேல் கொக்கும் நாரையும் அடைந்து கிடக்கும். இரண்டு இடமும் இப்போது ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் இருக்கின்றன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல் சேர்ந்தன. அதே வருடம் ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பூநாரைகளுக்கென்று சரணாலயமானது. அந்தக் கொக்குகளின் முதுகில் காற்றில் ஆடுகிற இழையைப் பார்த்தால், ப்ளூம் என்ற சொல்லின் நோட்டுப்புத்தக அர்த்தம் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிவதில்லை.

“அத்தை, நீங்க பேச்சை மாத்துறீங்க” என்றான். உண்மைதான், அது பதில் இல்லை. அவர்கள் பறவையைக் கொன்றார்கள் என்பதால் நம்மிடம் சொல் இல்லாமல் போனது எப்படி நியாயமாகும்? நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு தடைக்காலம் வந்தது.

தண்டும் ஈர்க்கும்

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். என் மாமியார் அதற்காகவே காத்திருப்பவர். ஐஸில் கிடக்காத கணவாய் அப்போதுதான் கிடைக்கும் என்பது அவர் கட்சி. அன்றைக்கு ஊசிக் கணவாய் வாங்கி வந்து கொல்லையில் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டிருந்தார். அண்ணன் மகன், முறைக்கு என் மருமகன், படிக்கிறேன் என்று நோட்டோடு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

கணவாய் சுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் கத்திக்கு வேலையே இல்லை. ஒரு கையில் உடம்பைப் பிடித்து மறு கையால் தலையை இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வெளியே வரும். மைப்பை உடைந்தால் சட்டி முழுக்கக் கறுத்துவிடும், அதனால் இழுப்பில் ஒரு நிதானம் வேண்டும். அப்புறம் குழாயாகத் திறந்து கிடக்கிற உடம்புக்குள் விரலை விட்டு முதுகுப் பக்கம் நெம்பினால், நிறமே இல்லாத, அந்தப் பக்கம் தெரிகிற ஒரு பட்டை நழுவிக்கொண்டு வரும். ஒரு சாண் நீளம். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். நடுவில் மெல்லிய தண்டு ஒன்று ஓட, அதன் இரு பக்கமும் தகடு விரிந்து நுனியில் கூராகிறது. மாமியார் அதை உருவி மண்ணில் போட்டுக்கொண்டே இருந்தார். ஓடு இருக்கிற கணவாய் என்றால் அந்த ஓட்டையாவது காயவைத்து நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். இதற்கு அந்த மதிப்பும் கிடையாது.

மருமகன் ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். “அத்தை, இது இறகு மாதிரியே இருக்கு.”

“இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு பென்” என்றேன்.

“பேனாவா?”

மாமியாரைக் கேட்டேன், “இதுக்கு நீங்க என்னத்தை சொல்லுவீங்க?”

“அதுக்குப் பேரு வச்சு என்ன செய்யப்போற? காக்காகூடத் தொடாது. எடுத்துப் போடு அங்கிட்டு.”

எனக்கு அந்த இடத்தில்தான் சட்டென்று ஒன்று பிடிபட்டது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது இறகு. பேர் வைத்தவன் கண்ணுக்கும் தெரிந்தது இறகுதான். ஆனால் அவனுக்கு இறகும் பேனாவும் ஒரே பொருள். லத்தீனில் பென்னா என்றால் இறகு. அதுவே பென் ஆகி, நமக்குப் பேனா ஆகிவிட்டது. (பென்சில் இந்தக் குடும்பத்தில் சேராது. அது தூரிகை வழியாக ‘சின்ன வால்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பார்க்க அண்ணன் தம்பியாக இருப்பார்கள், உறவே இல்லை.) ஆயிரத்துச் சொச்சம் வருடம் ஐரோப்பாவே வாத்து இறகால் எழுதியது. இறக்கையின் வெளிப்பக்கத்துப் பெரிய இறகுகளில் சிலதுதான் எழுத ஆகும். வலது கைக்காரர்கள் இடது இறக்கையின் இறகைக் கேட்டு வாங்குவார்கள், வளைவு கண்ணை மறைக்காமல் வெளியே போகும் என்பதால். சூடான மணலில் செருகி அதைக் கெட்டிப்படுத்துவார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி பூவாக விரிந்த இறகெல்லாம் எழுதுகிறவனுக்குத் தொந்தரவு; பக்கத்து இழைகளை உரித்துத் தள்ளிவிட்டு வெறும் தண்டை வைத்துக்கொள்வார்கள். முனை மழுங்க மழுங்கச் சீவ ஒரு சின்னக் கத்தி சட்டைப்பையில் இருக்கும். அதுதான் பேனாக்கத்தி. 1820-களுக்குப் பிறகு பர்மிங்ஹாமில் இரும்பு நிப்பு மலிவாக வந்து இறகை ஓரங்கட்டியது, ஆனால் சொல் நகரவில்லை. ஓட்டல்காரர்கள் கணவாய்க்குச் சொல்கிற கலமாரி என்ற பேருக்கும் எழுதுகோல் வைக்கிற கூடு என்றுதான் மூலம். கிரேக்கத்தில் கலமோஸ் என்றால் நாணல். அதுவே அரபிக்குப் போய் கலம் ஆகி, தமிழை அரபு எழுத்தில் எழுதிய கீழக்கரை வரைக்கும் வந்தது. மை, பேனா இரண்டையும் உடம்புக்குள் வைத்திருக்கிற பிராணிக்கு அவர்கள் வேறென்ன பேர் வைப்பார்கள்?

இப்படி எழுதுகிறவன் கையில், அம்பு எய்கிறவன் அம்பின் வாலில், தூங்குகிறவன் தலையணையில், சிப்பாயின் தலைக்கவசத்தில் எல்லாம் இறகு இருந்தால் பேச்சில் இறகு நிறையத்தானே செய்யும். சரி, நம் கையில் என்ன இருந்தது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. மாமியார் கணவாயைக் கழுவி வைத்துவிட்டு, புளி எடுக்க ஓலைக் கொட்டானை இழுத்தார். அவர் பிறந்தது சாயல்குடிப் பக்கம். புளிக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, கருவாட்டுக்கு மூடி போட்டது ஒன்று என்று எல்லாம் ஊரிலிருந்து முடைந்து வந்தவை. பிளாஸ்டிக் டப்பாவில் புளி போட்டால் வேர்க்கும் என்பார்.

கொட்டானிலிருந்து ஓர் ஓலை ஓரம் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் கணவாயின் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பனையோலையின் ஒவ்வொரு கீற்றிலும் நடுவே ஈர்க்கு, இரு பக்கமும் ஓலை. இறகில் நடுவே தண்டு, இரு பக்கமும் இழை. அமைப்பு ஒன்றுதான். அவர்கள் பக்கங்களை உரித்துப் போட்டுவிட்டுத் தண்டால் எழுதினார்கள். நாம் ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டுப் பக்கங்களின் மேல் எழுதினோம். ஓலையை வேகவைத்து, காயவைத்து, வழவழப்பாக்கி, எழுத்தாணியால் கீறி, கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கரி நின்று எழுத்து தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் புள்ளியே இல்லாமல் எழுதினார்கள். படிக்கிறவன் தன் சமர்த்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேனாக்கத்திக்குப் பதில் நம்மவர் இடுப்பில் எழுத்தாணிக் கத்தி இருந்தது.

அப்புறம் சொற்கள் கொட்டத் தொடங்கின. ஓலை என்றால் கடிதம். குடவோலை என்றால் தேர்தல். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துத் தேவாலயங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று தரம் ஓலை வாசிப்பார்கள். சாமியார் கையில் இருப்பது அச்சடித்த தாள்தான், ஆனாலும் அது ஓலை. தவக்காலத்தின் கடைசி ஞாயிறு அவர்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. காதில் சுருட்டிப் போட்ட ஓலைதான் தோடு ஆனது. ஆடிப்பெருக்குக்கு வைக்கிற காதோலை கருகமணியில் இன்றும் அசல் ஓலையே இருக்கிறது. மடல் கடிதமாகி இப்போது மின்மடல். ஏடு நாளேடாகி, வார ஏடாகி, சமைக்க உதவாத சுரைக்காயாகவும் ஆனது. (போலீஸ் ஏட்டய்யா மட்டும் ஹெட் கான்ஸ்டபிளிலிருந்து வந்தவர், அவரை இதில் சேர்க்கக் கூடாது.) காவோலை விழக் குருத்தோலை சிரிக்கிற பழமொழியை என் மாமியார் மாதம் ஒரு தடவையாவது என்னைப் பார்த்துச் சொல்கிறார். ட்யூஷனில் நான் பிள்ளைகளைத் திட்டுகிற ‘பன்னாடை’யும் பனையிலிருந்துதான், கள்ளை வடிகட்டினால் கள்ளை விட்டுவிட்டுக் குப்பையை மட்டும் பிடித்துக்கொள்கிற வலை அது. இதைவிடத் துல்லியமாக ஒரு மாணவனைத் திட்ட ஆங்கிலத்தில் சொல் கிடையாது என்று சத்தியம் செய்வேன்.

“அவங்க இறகுக்குச் செஞ்சதை நாம ஓலைக்குச் செஞ்சிருக்கோம்” என்றேன். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை கடலோரம் பஸ்ஸில் போனால் ஜன்னலில் எந்நேரமும் தெரிவது பனை. இந்த மணலில் வேறென்ன நிற்கும்? கையில் இருந்ததை வைத்துப் பேசினோம், அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று எண்ணி ஒரு மொழிக்கு மார்க் போடுவது, ஒரு ஊர்க் குழம்பில் எத்தனை புளி என்று பார்த்து அடுத்த ஊர்க் குழம்பைக் குறை சொல்கிற வேலை.

குறைந்தபட்ச இருப்பு

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் ராத்திரி, ஃபெதர் என்ற சொல்லின் வேர் என்ன என்று ஆங்கில அகராதியைப் புரட்டப் போய் என் ஓலைக் கோட்டையில் ஓர் ஓட்டை விழுந்தது. ஃபெதருக்கும், லத்தீன் பென்னாவுக்கும், கிரேக்கச் சொல்லான ப்தெரோனுக்கும் ஒரே வேர். பறப்பது என்று பொருள். அந்தக் குடும்பத்தில் வடமொழிச் சொல் ஒன்றும் உண்டு: பத்ர. வடமொழியில் அதற்கு முதல் பொருள் இறகு, சிறகு. அப்புறம் இலை. அப்புறம் எழுதுகிற இலை, கடிதம், ஆவணம்.

பத்ர தமிழுக்கு வந்து என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. பத்திரம். பத்திரிகை. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ராமநாதபுரத்தில் நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர்கள், தாங்கள் கையில் பிடித்திருந்தது ஓர் இறகு என்று நினைத்திருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையும் அதே இறகு. மாமியாரின் டிரங்குப் பெட்டியில் அடியில் கிடக்கிற வீட்டுக் கிரயப் பத்திரமும் அதே. ‘பத்திரமாப் போயிட்டு வா’ என்கிற பத்திரம் வேறு. அது பத்ரத்திலிருந்து இல்லை, மங்கலம் என்று பொருள்படும் இன்னொரு சொல்லிலிருந்து வந்தது. ஆக, வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வை என்றால் இரண்டு வெவ்வேறு சொற்களைச் சொல்கிறோம்.

அங்கே இறகு எழுதுகிற கருவியானது. இங்கே அதே இறகு இலையாகி எழுதப்படுகிற பரப்பானது. நான் இறகு ஒரு கரை, ஓலை ஒரு கரை என்று பிரித்து வைத்தால், வடமொழி இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவைத்திருக்கிறது. கீற்றையும் இறகையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் ஆட்கள் நாங்கள் இல்லை போலிருக்கிறது.

ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அடுத்தது வரத்தானே செய்யும். பட்சி என்றால் பட்சம் உள்ளது. பட்சம் என்றால் சிறகு. மாதத்துக்கு இரண்டு சிறகு, வளர்பிறை ஒன்று தேய்பிறை ஒன்று, சுக்லபட்சம், கிருஷ்ணபட்சம். இந்தக் கடற்கரையில் எந்த வலையை எப்போது போடுவது என்பதே அந்த இரண்டு சிறகையும் பார்த்துத்தான். ஒரு தரப்பை மட்டும் பிடித்துப் பேசுகிறவன் பட்சபாதம் பண்ணுகிறவன், அதாவது ஒரு சிறகின் பக்கம் விழுகிறவன். புத்தகத்தின் பக்கம் என்பதையும் பட்சத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. அது நல்ல தமிழ்ச் சொல், கையை வைக்காதே என்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் இறங்கத் தெம்பில்லை.

அடுத்த சனிக்கிழமை மருமகன் வந்ததும் இதை எல்லாம் கொட்டினேன். பத்திரத்துக்குத் தலையாட்டினான். பட்சத்துக்கு வந்தபோது அவனாகவே நிறுத்தினான். “அப்படீன்னா அத்தை, குறைந்தபட்சம்?” ஆமாம், அதுவும் சிறகுதான். அதிகபட்சமும். அவன் சேர நினைக்கிற வங்கிகளில் எழுதிப் போட்டிருக்கிறார்களே, குறைந்தபட்ச இருப்பு, அதற்குள் ஒரு குட்டைச் சிறகு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் கீழே போனால் சில வங்கிகளில் அபராதம் பிடிப்பார்கள். இறகு பிடுங்குகிற மாதிரிதான் என்று சொல்லிச் சிரித்தான்.

அப்புறம் வழக்கம்போல் கேட்டான். “சரி அத்தை, இந்த ஓலை மேட்டர் எல்லாம் பரீட்சைக்கு வருமா?” நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலையும் சொல்லிவிட்டான். “வரும் வரும். டிஎன்பிஎஸ்சியில மரபுச்சொல்லுல கேப்பாங்க. பனைக்கு ஓலை, தாழைக்கு மடல், மூங்கிலுக்கு இலை, கமுகுக்குக் கூந்தல், சோளத்துக்குத் தட்டை. ஒன்றரை மார்க்கு.”

“பேங்க் பரீட்சையில ஃபெதர் வந்தா?”

“ஒரு மார்க்கு.”

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார், கணவாய் ஆறுகிறது என்று.